அக்காவின் வலது முழங்கால்

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் என்னால் ஒழுங்காகப் பேச முடியாது, பாதியிலேயே குரல் உடைந்துவிடும். அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேசவும் முடியாது.

தும்பிக்கு இடுப்பில் சத்தம் வருகிறது. டயபர் மாற்றும்போது இடது காலை மடக்கி விரித்தால் ‘டிக்’ என்று கேட்கிறது, யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி. முதலில் என் வளையல் சத்தம் என்று நினைத்து வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தேன். வளையல் இல்லை, அவள்தான். அவரிடம் காட்டினேன். ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன் அல்லவா, காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிட்டு, “புது பேரிங், செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ இங்கே இருந்தவரை தினமும் குளிப்பாட்டுவதற்கு முன்னால் அவளுடைய இரண்டு காலையும் பிடித்து சைக்கிள் மாதிரி சுற்றிவிடுவாய். வயிற்றில் காற்று இறங்கும் என்பாய். நீ பயிற்சி கொடுக்கிற வாலிபால் பெண்களுக்கும் இப்படித்தான் செய்வதாகச் சொன்னாய். அவர்கள் பதினாறு வயதுக் குதிரைகள், இவளுக்கு இன்னும் ஆறு மாதம் கூட முடியவில்லை. அப்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் நீ கை வைத்தால் அவள் சிரிப்பாள், நான் கை வைத்தால் சிணுங்குவாள், இதில் நான் என்ன சொல்ல?

ஒன்றை மட்டும் சொல். எப்போதாவது அந்தக் காலை இழுத்தாயா? திட்டமாட்டேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதற்காகத்தான். வியாழக்கிழமை போகிறோம்.

மற்றபடி அவள் நன்றாகத் தூங்குகிறாள். நீ போனதிலிருந்து எந்தத் தொந்தரவும் இல்லை.

தங்கை


பிப்ரவரி 17

குருவி,

மூணு பக்கம் எழுதியிருக்க, கேள்வி ஒண்ணுதான் இருக்கு. பதில்: இழுக்கலை. மடக்குவேன், சுத்துவேன், அவ உதைச்சா விட்டுடுவேன். அவ்வளவுதான்.

இந்த ஹாஸ்டல்ல நாப்பது பொண்ணுங்களோட காலையும் கையையும் நம்பி என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க அவங்க அம்மாக்கள். ஒருத்தி கூட இதுவரைக்கும் இப்படி ஒரு கடுதாசி எழுதினதில்லை. என் சொந்தத் தங்கச்சி எழுதியிருக்கா.

உன் மாதிரி எழுத்துத் தமிழ் எனக்கு வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன். அதனால நேராவே சொல்றேன். குழந்தை இடுப்பு விஷயத்துல டாக்டர் என்ன சொன்னார்னு உடனே எழுது. ஸ்கேன் எடுக்கச் சொன்னா எடு, தள்ளிப்போடாதே. அதைத் தவிர வேற எதுவும் எழுத வேண்டாம். நான் கிளம்பின அன்னிக்கு வாசல்ல நின்னு நீ சொன்னது இன்னும் என் காதுலயே இருக்கு. டாக்ஸிக்காரரே கண்ணாடி வழியா என்னைப் பார்த்தார்.

அவ நல்லா தூங்கறான்னு எழுதியிருக்க. சந்தோஷம்.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

டாக்டர் பார்த்துவிட்டார். காலை மடக்கி, விரித்து, அமுக்கி, ஐந்து நிமிடம் அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்கேனும் எடுத்தாயிற்று. மூட்டு சரியான குழியில்தான் உட்கார்ந்திருக்கிறதாம். எலும்பின் மேல் ஒரு நரம்பு மாதிரி நார் சறுக்கிப் போகும்போது வருகிற சத்தம் அது, நிறைய குழந்தைகளுக்கு வரும், வளர வளரப் போய்விடும் என்றார். யாராவது இழுத்திருப்பார்களா என்று நான் கேட்டேன். அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இழுத்தா இப்படியெல்லாம் வராதும்மா. வீட்ல யார் மேலயாவது கோபமா?” என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் போல. எத்தனை அம்மாக்களைப் பார்த்திருப்பார்.

அதனால் போன கடிதத்தை நீ கிழித்துப் போடலாம். கிழித்துப் போடு.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறாள் என்று எழுதியது பொய். நீ போனதிலிருந்து ஒழுங்காக ஒரு தூக்கம் கிடையாது. பால் குடிக்கிறாள், கண் செருகுகிறது, தோளில் போட்டதும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுகிறாள். நீ செய்வது போலவே செய்து பார்த்தேன். அதே தோள், அதே துண்டு, கூடத்திலிருந்து சமையலறை வரை அதே நடை. நீ நிற்பாயே, அவளைத் தோளில் வைத்துக்கொண்டு பாதி உட்கார்ந்து மெதுவாக எழுவாயே, அதையும் செய்தேன். அவருக்கு வாய் சும்மா இருக்காது. “உங்க அக்கா தூக்கினா அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுவா” என்றார். அன்று அவருக்கு நான் சாப்பாடு போடவில்லை. தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

நேற்று ஒன்று நடந்தது. இவள் தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தாள். நான் மிளகு அரைக்கிற மரக் குப்பியைத் திருகினேன். கறக், கறக் என்று சத்தம் வந்ததும் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. தலையைத் திருப்பித் தேடினாள். என்னைத் தேடவில்லை அக்கா, அந்தச் சத்தத்தை. எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை, பிறகு எல்லாம் புரிந்தது. உன் வலது முழங்கால். நீ உட்கார்ந்து எழும்போதெல்லாம் அது இப்படித்தான் அரைபடும். நாம் ஒரே அறையில் படுத்திருந்த காலத்தில் அதைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும். என் மகளுக்கு அதுதான் தாலாட்டாகியிருக்கிறது.

மிளகுக் குப்பியை அவள் காதருகே வைத்துத் திருகினேன். தும்மினாள். அவர் தன் பையிலிருந்து நட்டு முறுக்குகிற ராட்செட்டை எடுத்து வந்து கரகரவென்று சுற்றினார். அதற்குக் கெக்கே பிக்கே என்று சிரித்து, இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கத்தையும் தொலைத்தாள்.

கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உன் முழங்கால் சத்தத்தை போனில் பதிவு செய்து அனுப்புவாயா? ஒரு நிமிடம் போதும். பேச வேண்டாம், உன் குரல் வேண்டாம், சத்தம் மட்டும்.

குருவி


மார்ச் 4

குருவி,

அனுப்ப மாட்டேன்.

உன் கடிதத்தைப் படிச்சதும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் “உன் குரல் வேண்டாம்” னு எழுதியிருக்கியே, அந்த இடத்துல சிரிப்பு நின்னுபோச்சு. ஆள் வேண்டாம், அவ முட்டி மட்டும் வேணும். கசாப்புக் கடையில கேக்கற மாதிரி கேட்டிருக்க.

நான் கிளம்பின அன்னிக்கு என்ன நடந்தது? உன் கையில அவ அழுதுகிட்டிருந்தா, என்னைப் பார்த்து ரெண்டு கையையும் நீட்டினா. நான் கூப்பிடலை. அதுக்கு நீ, “உனக்குன்னு ஒண்ணு இருந்தா தெரியும்” னு சொன்ன. எனக்குன்னு ஒண்ணு இருக்கணும்னு நான் எத்தனை ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்திருக்கேன்னு உனக்குத் தெரியும். நீதான் கூட வந்து உட்கார்ந்த. தெரிஞ்சும் சொன்ன.

உன்கிட்ட பால் இருக்கு. உன் மூக்கு அவளுக்கு இருக்கு. நாளைக்குப் பேச ஆரம்பிச்சா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவா. என்கிட்ட ஒரு முட்டிதான் இருக்கு. அதையும் போன்ல ஏத்தி அனுப்பிட்டா எனக்கு என்ன மிச்சம்?

அந்த முட்டியையும் இங்க சும்மா விடலை. பள்ளிக்கூடத்துக்கு வர்ற எலும்பு டாக்டர் பொண்ணுங்களைப் பார்க்க வந்தவர், நான் உட்கார்ந்து எழுந்த சத்தத்தைக் கேட்டுட்டு என்னைப் படுக்க வச்சுப் பார்த்தார். சொடக்கு எடுக்கும்போது வர்ற சத்தம் மூட்டுத் தண்ணியில காத்துக் குமிழி பண்ற வேலையாம், அதுல ஒண்ணும் இல்லையாம். என்னுது வேற. முட்டிச் சில்லுக்கு அடியில இருக்கற வழவழப்பு கொஞ்சம் சொரசொரன்னு ஆயிடுச்சாம். வலி இருக்கா, வீக்கம் இருக்கா, நடுவுல பூட்டிக்குதான்னு கேட்டார். எதுவும் இல்லைன்னேன். அப்ப சத்தத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, தொடையை பலமாக்குங்கன்னு சொல்லி பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கார். பொண்ணுங்களுக்குத் தினமும் நான் சொல்றதை இப்ப எனக்கு ஒருத்தர் சொல்றார்.

தூங்கலைன்னா எத்தனை நாள் தூங்காம இருப்பா? தானா பழகிடும்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

இனி உன் பதிவு எனக்குத் தேவையில்லை. எனக்கே வந்துவிட்டது.

எப்படி என்று கேட்பாய். உட்கார்ந்து எழுந்துதான். தும்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடத்து டைல்ஸ் தரையில், செருப்பில்லாமல், உன்னைப் போலவே பாதி வரை இறங்கி எழுந்தேன். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் முழுசாகக் குந்தி எழுந்தேன். காலை, மதியம், சாயங்காலம், அவள் அழுத நேரமெல்லாம். அவர் பார்த்துவிட்டு, “ஓவர்லோடு போட்டா மோட்டார் போயிடும்” என்றார். லிஃப்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்து நான் காதில் வாங்கவில்லை.

போன வாரம் வந்தது. வலது முழங்கால்தான், உன்னுடையது போலவே. கறக். தும்பி தலையைத் தூக்கினாள். இன்னொரு முறை. என் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். மூன்றாவது நான்காவதில் அவள் கை தளர்ந்து என் முதுகில் தொங்கியது. அக்கா, அந்தக் கனம் உனக்குத் தெரியுமே, தூங்கிய குழந்தை திடீரென்று இரண்டு மடங்கு கனக்குமே. அதை நீ எத்தனை நாள் வாங்கிக்கொண்டாய். நான் ஓரமாக நின்று உன் தோளையே பார்த்துக்கொண்டிருப்பேன். உனக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பது மாதிரி வந்து நிற்பேன், அவள் கண் திறந்து என்னைப் பார்க்க மாட்டாளா என்றுதான். ஒரு தடவை வேண்டுமென்றே டம்ளரைக் கீழே போட்டேன். இப்போது சொன்னால் என்ன? நீதான் தோற்றுவிட்டாயே.

வாசலில் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கட்டிலில் காலை நீட்டி, தலையணை மேல் வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். இரண்டு நாளாக அவர்தான் கடைக்குப் போகிறார். சும்மா ஓய்வுதான், வேறொன்றுமில்லை.

குருவி


மார்ச் 21

குருவி,

நீ ஜெயிச்சுட்ட. சரி. இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் எழுது, சுத்தி வளைக்காதே.

அக்காவா கேக்கலை, கோச்சா கேக்கறேன். கால் தலையணை மேல எதுக்கு? ரெண்டு முட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு, வலது உருண்டையா இருக்கா? தொட்டா சூடா இருக்கா? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கறியா? லிஃப்ட் இல்லாத கட்டடத்துல நாலாவது மாடியில இருக்கற பொண்ணு ரெண்டு நாளா கடைக்கே போகலைன்னா, அது ஓய்வு இல்லை. கீழ இறங்க முடியலை.

எனக்கு இந்தச் சத்தம் ஆசைப்பட்டு வந்ததில்லை. கடைசி மேட்ச்ல குதிச்சு இறங்கினப்ப கீழ விழுந்தேன், ஒரு வருஷம் ஆட முடியலை, அப்புறம் ஆடவே இல்லை. வலி எல்லாம் போனதுக்கப்புறம் மிஞ்சினதுதான் இந்தச் சத்தம். நீ தலைகீழா போயிருக்க. சத்தத்துக்காக வலியை வரவழைச்சிருக்க. என் பதினஞ்சு வருஷ அனுபவத்துல மூட்டை பலமாக்கணும்னு பயிற்சி பண்ணினவங்களைப் பார்த்திருக்கேன். கெடுக்கணும்னு பண்ணின முதல் ஆள் நீதான்.

குழந்தை பொறந்த உடம்பு இன்னும் இறுகியிருக்காது. அவ வேற கனத்துக்கிட்டே போறா. தோள்ல அவளை வச்சுக்கிட்டு இருக்கும்போது அந்த முட்டி மடங்கிடுச்சுன்னா?

நிறுத்து. இந்தக் கடிதம் கையில கிடைச்ச நிமிஷத்துல இருந்து நிறுத்து.

அக்கா


மார்ச் 25

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே மடங்கிவிட்டது.

அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து கடைசியாக ஒரு தடவை இறங்கினேன். எழும்போது முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நடுமாடியில் சிக்கின லிஃப்ட் மாதிரி. பிறகு ஒரேயடியாக விட்டுவிட்டது. நான் பக்கவாட்டில் சரிந்தேன். அவள் தலை கட்டில் விளிம்பை ஒட்டிப் போயிற்று. படவில்லை. படவே இல்லை, சத்தியம். என் முழங்கை கீழே இருந்தது, அவள் அதன் மேல் விழுந்தாள். விழித்து என்னைப் பார்த்தாள். அழக்கூட இல்லை. நான்தான் அழுதேன், அவர் வந்து கதவைத் திறக்கும்வரை தரையிலேயே கிடந்து அழுதேன்.

என் முட்டியில் நீர் கோத்திருக்கிறது என்கிறார் டாக்டர். ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், முட்டியைச் சுற்றிக் கட்டுகிற பட்டை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது, அவர் சொல்லும்வரை. நீ கேட்டதெல்லாம் உண்மை. உருண்டையாக இருக்கிறது. சூடாக இருக்கிறது. படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். உடற்பயிற்சி என்றேன்.

இப்போது அவள் தொட்டிலில் இருந்து கையை நீட்டுகிறாள், என்னைப் பார்த்துத்தான் நீட்டுகிறாள். என்னால் எழுந்து போக முடியவில்லை. இதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.

வாசலில் சொன்னது. அதை நான் கோபத்தில் சொல்லவில்லை அக்கா. கோபத்தில் சொன்னேன் என்றால் அதுவும் இன்னொரு பொய். உனக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து, அங்கே பார்த்துச் சொன்னேன். உன் தோளில் அவள் இருந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை.

வா. சத்தத்தை அனுப்ப வேண்டாம், நீ வா. அவளை நீயே தூக்கி, நீயே தூங்கவை. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டம்ளர் எதையும் கீழே போடமாட்டேன்.

குருவி


மார்ச் 30

குருவி,

லீவு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வரேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாதே, அவர் வீட்டுல இருந்து உன்னைப் பார்த்துக்கட்டும். ஐஸ் வை. காலை உயரமா வை.

ஒரு விஷயம். வந்ததுக்கப்புறம் ஏமாந்து போகாதே.

டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சியை ஒழுங்கா பண்ணிட்டேன். பழக்கம், சொன்னா பண்ணிடுவேன். போன வாரம் அவர் என்னை உட்கார்ந்து எழச் சொன்னார். குனிஞ்சு காதை வச்சுக் கேட்டார். “பாத்தீங்களா, சத்தமே இல்லை” னு பெருமையா சொன்னார். நன்றி சொல்லிட்டு ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். அலமாரியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஒண்ணுமே வரலை. நல்ல முட்டி. ஒரு நல்ல முட்டிக்காக யாராவது அழுவாங்களா? அழுதேன்.

உன் கடிதம் வந்தப்ப எனக்கு உன் மேல பாவமா இருந்துச்சுன்னு எழுதத்தான் நினைச்சேன். பொறாமையாவும் இருந்துச்சு. நான் தொலைச்சது உன்கிட்ட இருக்கேன்னு.

வார்த்தையைப் பத்தி நேர்ல பேசலாம். இல்லைன்னா பேசாமலும் இருக்கலாம். பார்த்துக்கலாம்.

அக்கா


மே 19

அக்கா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று போனில் சொன்னாய். போனிலேயே பேசிவிடுகிறோம் இப்போது, ஆனாலும் இதை மட்டும் எழுத வேண்டும்.

நீ வந்த அன்று நடந்ததை அவர் இன்னும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். நீ பையைக் கூடக் கீழே வைக்காமல் அவளைத் தூக்கினாய். தோளில் போட்டாய். பாதி இறங்கி எழுந்தாய். நான் கட்டிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சத்தம் வரவில்லை. தும்பி தலையைத் தூக்கி உன் முகத்தைப் பார்த்தாள், புது ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு வாயைக் கோணி அழ ஆரம்பித்தாள். என்னிடம் கொடுத்தாய். என்னிடமும் அழுதாள். நீ வாங்கினாய், இன்னும் அழுதாள். நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு குழந்தையின் அழுகை அவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் முகத்திலும் அதுவேதான் இருந்தது, மறுக்காதே.

அப்புறம் அவளாகவே, நம் இருவருக்கும் நடுவில் படுத்து, அழுது களைத்துத் தூங்கினாள். வாசலில் சொன்னதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ என் முட்டிக்குப் பட்டை சுற்றினாய், சுற்றும்போது கொஞ்சம் இறுக்கினாய். அதுதான் உன் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

என் முட்டி வீக்கம் இறங்கிவிட்டது. நீ சொல்லிக் கொடுத்த பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறேன். இப்போது படி இறங்கினால் வலியும் இல்லை, சத்தமும் இல்லை. அவளைத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்கினால் இறங்கப் பார்க்கிறாள், ஏனென்றால் நேற்றிலிருந்து தவழ்கிறாள்.

அதைத்தான் எழுத வந்தேன். கூடத்து டைல்ஸில் தவழ்ந்து வந்து, நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். பாதி எழுந்து, பின்னால் பொத்தென்று உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். அப்போது கேட்டது. இடுப்பில் இல்லை, அது எப்போதோ போய்விட்டது. முழங்காலில். ‘டிக்’ என்று, சின்னதாக. நான் ஓடிப்போய் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, அமுக்கினால் சிரிக்கிறாள். நீ கேட்கிற கேள்வி எல்லாவற்றையும் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

வலதா இடதா என்று கேட்பாய்.

வலதுதான். இவ்வளவு பால் கொடுத்தும், என் மூக்கைக் கொடுத்தும், அவள் போய் உன் முழங்காலை எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. அவள் மறுபடி எழுந்து நிற்கட்டும் என்று பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னொரு தடவை கேட்க.

குருவி